பதினாலு கிலோ

கிராஸ்கட் ரோட்டில் நவநீதன் கடை மாடி.
நானும் கடைப்பையனும் இறக்கினோம்.
அவன் கை வழுக்கி
படிக்கட்டு இரும்பில் ஒரு மூலை இடித்தது.
அட்டையைப் பிரித்தால்
கட்டைவிரல் வைக்க அளவாய் ஒரு நசுங்கல்.
பழுப்பு டேப் ஒட்டினேன்.
அவன் என்னைப் பார்க்கவில்லை,
நானும் அவனை.

வேலந்தாவளம் தாண்டி கொழிஞ்சாம்பாறை.
ஷாநவாஸ் ராவுத்தரின் காலிக் கோழிக்கொட்டகை.
"கணவாய்க் காத்துதான் நமக்கு ஏசி" என்றார்.
ஒண்ணு எம்பது கொடுத்தாராம்.
லட்சம் என்ற சொல்லை
அவர் வாய் தொடவில்லை.
எனக்கு வாடகை தொள்ளாயிரம்.

நாலு விசிறியும் எழுந்ததும்
ஆயிரம் குஞ்சுகள் ஒரே மூச்சில் கத்தின மாதிரி.
தீவன வாடை போகாத கொட்டகை, கேட்கவா வேண்டும்.
"இது என்னங்க பண்ணுது?"
"கணக்குப் போடுது."
"யாருக்கு?"
சிரித்தார்.
மீட்டரில் சிவப்புப் புள்ளி துடித்தது.

நாற்பது நாளில் அழைப்பு.
கஞ்சிக்கோட்டில் பிரமோத் குறுப்புக்கு வேண்டுமாம்.
மூணு பத்து.
குட்டியானைக்கு அது தெரியாது,
மேனோன்பாறை வளைவில்
அதே இரண்டாம் கியரில் முனகியது.

நான் கோழி ஏற்றியவன்.
காலையில் பேப்பர் ரேட், மதியம் பண்ணை ரேட்,
இரண்டும் பார்த்தவன்.
ஆனாலும் கோழி விலை ஏறும் நாளில்
கோழியும் நாலு வாய் தின்று கொஞ்சம் ஏறியிருக்கும்.
இது தின்றது கரண்டு.
தூக்கினால் அதே பதினாலு கிலோ.

ஊரடங்கு வந்தது, விலை அடங்கவில்லை.
கஞ்சிக்கோட்டிலிருந்து ஆச்சிப்பட்டி,
நார் மில் கனகமணி அம்மாளுக்கு.
அஞ்சேகால்.
வாளையாரில் என் நெற்றிக்குத் துப்பாக்கி நீட்டி
சூடு பார்த்தார்கள்.
எனக்குக் காய்ச்சல் இல்லை.
பின்னால் இருந்த பெட்டியை
யாரும் தொட்டுப் பார்க்கவில்லை.

"புதுசா?" என்று அம்மாள் கேட்டார்.
"பிரிக்கவே இல்லீங்க" என்றார் குறுப்பு, போனில்.
என் டேப்தான், ஓரம் சுருண்டிருந்தது.
நகத்தால் நீவிவிட்டேன்.

அடுத்த மாசமே
பொள்ளாச்சியிலிருந்து மீனாட்சிபுரம்.
"எந்தா சாதனம்?" என்றார் போலீஸ்காரர்.
"கம்ப்யூட்டர் சார்."
ஏழு தொண்ணூறு.
பவுலின் டீச்சர் கொடுத்தாள்.
கழுத்தில் வெறும் கறுப்புக் கயிற்றில் சிலுவை.
சங்கிலி எங்கே என்று கேட்கவில்லை.
"இன்னும் ஏறும்ல?" என்றாள் என்னிடம்.
என்னிடம் கேட்டாள்!
கயிறு அவிழ்ப்பதில் மும்முரமாய் இருந்தேன்.
தொள்ளாயிரம் கொடுத்தாள்,
டீக்கு இருபது மேலே.

அப்புறம் ஒரு வருஷம் யாரும் கூப்பிடவில்லை.
செவ்வந்தி ஏற்றினேன், தக்காளி ஏற்றினேன்,
ஒரு கல்யாணத்துக்குப் பந்தக்கால் ஏற்றினேன்.

டீச்சர் அழைத்தபோது
ஃபியூஸைக் கழற்றிப் போய் மூன்று வாரமாம்.
விசிறியில் பல்லி முட்டை.
"எடுத்துட்டுப் போயிருங்க, எனக்குப் பார்க்க வேண்டாம்."
பழைய இரும்புக்கடைத் தராசு என் வண்டியிலேயே கிடந்தது.
தொங்கவிட்டேன்.
பதினாலு.
அலுமினிய ரேட் நூற்று முப்பது,
ஆயிரத்து எண்ணூற்று இருபது.
வாடகையைக் கழித்து மீதி கொடுத்தேன்.
எண்ணாமல் வாங்கிக்கொண்டாள்.
கழித்திருக்க வேண்டாமோ
என்று கோவிந்தாபுரம் வரை தோன்றியது.
அப்புறம் டீசல் போட்டேன்.

கட்டிலுக்கடியில் கிடக்கிறது.
கடைக்குப் போடவில்லை; ஏன் என்று கேட்டால்
சும்மா என்றுதான் சொல்லி வருகிறேன்.

நேற்று ராத்திரி கொல்லங்கோட்டிலிருந்து ஒரு பையன்.
"அண்ணா, விலை திரும்ப ஏறுது.
செகண்ட் ஹேண்ட் மெஷின் ஏதாச்சும் இருக்குமா?
காசு பிரச்சனையில்ல."

குனிந்து இருட்டில் தடவினேன்.
கட்டைவிரல் தானாகப் போய்
அந்தக் குழியில் உட்கார்ந்தது.

"அடி கிடி பட்டதில்லையே அண்ணா?"

"ஒரு நிமிஷம் தம்பி."
போனைப் பொத்திக்கொண்டு
உள்ளே குரல் கொடுத்தேன்:
"சிந்தாமணி,
அந்தப் பழுப்பு டேப்பை எங்கே வெச்சே?"